பொறியியல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட்டாச்சு, இனி என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு வருடமும் மே மாதம் பிள்ளைகள் டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, "சார், பணம் கட்டிட்டேன், முடிஞ்சுது" என்று போன் செய்வார்கள். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவன். விண்ணப்பம் போட்ட பிறகான இரண்டு மாதத்தில்தான் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள்கூட இடத்தைத் தவறவிடுகிறார்கள், அதைப் பல முறை பார்த்துவிட்டேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையை மட்டும்தான் இதில் பேசுகிறேன். மருத்துவம், வேளாண்மை, கலை அறிவியல் எல்லாவற்றுக்கும் வழி தனித்தனி.

பணம் கட்டிவிட்டேன், விண்ணப்பம் முடிந்துவிட்டதா?

இல்லை. பதிவுக் கட்டணம் (பொது, பிசி, எம்பிசி பிரிவினருக்கு ரூ.500, எஸ்சி, எஸ்சிஏ எனப்படும் அருந்ததியர், எஸ்டி பிரிவினருக்கு ரூ.250) கட்டியது ஒரு படி. சான்றிதழ்களைப் பதிவேற்றி, கடைசியில் சமர்ப்பித்து, விண்ணப்பத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கி அச்செடுத்து வைத்துக்கொண்டால்தான் முடிந்தது என்று சொல்லலாம். அந்த அச்சுப் பிரதியை ஒரு தடவை உரக்கப் படியுங்கள், பக்கத்தில் அப்பாவோ அக்காவோ மார்க் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கட்டும். பெயரின் இனிஷியல், பிறந்த தேதி, சாதிப் பிரிவு, எட்டாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தீர்கள் என்கிற விவரம், குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்கிற கேள்வி, இந்த ஐந்தில்தான் பெரும்பாலும் தவறு வரும்.

அப்புறம் போன் நம்பர். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரு மாணவி பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டாள். கடைக்காரர் நல்ல மனிதர்தான், அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டுவிட்டார். ஜூலையில் அலாட்மென்ட் (கல்லூரி இட ஒதுக்கீடு) வந்தபோது ஓடிபி அவருக்குப் போயிற்று, அவரோ ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். அவர் போனை எடுப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் வீட்டு நம்பர்தானா, மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் உடனே சேவை மையத்துக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள்.

சேவை மையம் என்றால் என்ன? அங்கே கட்டாயம் போக வேண்டுமா?

மாநிலம் முழுக்க டிஎஃப்சி எனப்படும் சேவை மையங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன, பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகளில். கலந்தாய்வை நடத்தும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சார்பாக அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான் உங்கள் சான்றிதழ்களை ஆன்லைனில் சரிபார்க்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் நீங்கள் போகவே வேண்டாம். ஏதாவது குறை இருந்தால் குறுஞ்செய்தி வரும், அதன்பிறகு சான்றிதழைத் திரும்பப் பதிவேற்றவோ நேரில் போகவோ வேண்டும். விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் ஆகிய சிறப்புப் பிரிவுகளில் விண்ணப்பித்தவர்களுக்குக் கலந்தாய்வு முதலில் நடக்கும், அவர்கள் தேதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

குறை என்று திரும்பி வருவதில் பாதி, போட்டோ சரியில்லாததுதான். சாதிச் சான்றிதழை மடித்த கோட்டோடு படம் எடுத்திருப்பார்கள், முத்திரை இருக்கும் இடத்தில் கட்டைவிரல் விழுந்திருக்கும். பகல் வெளிச்சத்தில், தரையில் வைத்து, நேர்மேலிருந்து எடுத்தாலே போதும்.

ரேண்டம் எண் வந்திருக்கிறது. சின்ன எண்ணாக இருக்கிறதே, பாதிக்குமா?

அனேகமாகப் பாதிக்காது. இது ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் கொடுக்கும் பத்து இலக்க எண். கட்ஆஃப் சமமாக இருந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று மதிப்பெண்களைப் பார்ப்பார்கள், அதிலும் சமம் என்றால் மற்ற மதிப்பெண்கள், அதற்கும் பிறகு பிறந்த தேதி (வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை). இத்தனையும் ஒன்றாக இருந்தால்தான் ரேண்டம் எண், அதில் பெரிய எண் உள்ளவர் முன்னால் வருவார். இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கட்ஆஃப் எப்படிப் போடுகிறார்கள்?

கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் தேர்வுத் துறையிடமிருந்தே வந்துவிடும். மறுகூட்டலிலோ மறுமதிப்பீட்டிலோ மதிப்பெண் மாறியிருந்தால், தானாக ஏறிவிடும் என்று நம்பிச் சும்மா இருக்காதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள், ஏறவில்லை என்றால் சேவை மையத்தில் சொல்லுங்கள்.

தரவரிசைப் பட்டியல் எப்போது வரும்? வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

வருடத்துக்கு வருடம் தேதி மாறும். ஒரு அளவுக்குச் சொல்வதென்றால், 2025-ல் விண்ணப்பம் மே 7-ல் தொடங்கி ஜூன் 6-ல் முடிந்தது, தரவரிசை ஜூன் 27-ல் வந்தது, கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டில் நடந்தது.

பட்டியல் வந்ததும் பொது ரேங்க், உங்கள் வகுப்புப் பிரிவின் ரேங்க் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி மாணவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டு ரேங்கும் சேர்ந்து இருக்க வேண்டும். பெயர் இல்லை, பிரிவு தவறு, ஒதுக்கீடு விடுபட்டிருக்கிறது என்றால் குறை சொல்ல ஒரு சில நாட்களே கொடுப்பார்கள். அந்த நாட்கள் தாண்டிவிட்டால் யாரைப் பிடித்தும் பயனில்லை.

நான் பிசி. பொதுப் பிரிவு இடம் எனக்குக் கிடையாதா?

உண்டு. 31 சதவீதப் பொது இடங்கள் எந்தச் சாதிக்கும் தனியாக ஒதுக்கியவை அல்ல, மதிப்பெண் வரிசையில் யாருக்கும் உரியவை. மீதி 69 சதவீதம்: பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, எஸ்சிஏ 3, எஸ்டி 1. உங்கள் முறை வரும்போது பொதுப் பிரிவிலோ உங்கள் வகுப்பிலோ எதில் இடம் இருந்தாலும் கிடைக்கும். அதனால் போன வருட கட்ஆஃப் பார்க்கும்போது இரண்டு பத்தியையும் பாருங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு? அதில் சேர்ந்தால் என்ன கூடுதல்?

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-ல் சட்டமாக வந்தது. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு.

இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசே ஏற்றுக்கொள்கிறது. பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தால் இது கிடையாது. ஆகவே பொதுவில் ஒரு கல்லூரி, 7.5-ல் ஒரு கல்லூரி என்று இரண்டு வாய்ப்பு வரும்போது, நான்கு வருடத்துக்கு வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். என் கருத்தைக் கேட்டால், கல்லூரிகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லாதபோது 7.5-ஐ விடவே கூடாது.

காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது?

முதலில் சான்றிதழ்கள். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்கள் என்றால் இருப்பிடச் சான்றிதழ். இ-சேவையில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு படியாகத்தான் நகரும், ஜூன் ஜூலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டிருப்பார்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

வங்கிக் கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். உதவித்தொகை எல்லாம் அந்த வழியில்தான் வரும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் (2022 செப்டம்பரில் தொடங்கியது) மாதம் ரூ.1000, ஆண்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024 ஆகஸ்ட்). அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருகிறார்கள்.

அடுத்தது, கல்லூரிகளைப் போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பஸ்ஸில் போய் வரக்கூடிய நான்கைந்தை மட்டும். அலுவலகத்தில் கொடுக்கும் வழவழப்பான புத்தகத்தை வாங்கிக்கொண்டு, கேன்டீன் பக்கம் போய் மூன்றாம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். லேபில் நீங்களே செய்து பார்ப்பீர்களா, ஒரு செமஸ்டரில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், போன வருடம் உங்கள் வகுப்பிலிருந்து எத்தனை பேருக்கு எந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது என்று கேளுங்கள், பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன, அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது.

சாய்ஸ் ஃபில்லிங்கில் (விரும்பும் கல்லூரி, கிளைகளைப் பட்டியலிடும்போது) எந்த வரிசையில் போட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்றால், ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலாவதாக எதில் இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அவ்வளவுதான். மேலே பத்து "கிடைக்காத" கல்லூரிகளைப் போட்டதால் உங்கள் ரேங்க் இறங்காது, கீழே உள்ளதில் உங்கள் வாய்ப்பும் குறையாது. ஆகவே பட்டியல் உங்கள் ஆசையின் வரிசையில் இருக்க வேண்டும், கிடைக்கும் என்கிற யூகத்தின் வரிசையில் இருக்கக் கூடாது.

ஒரு பிள்ளையின் ஆசை முதலில் கோவை ஜிசிடியில் (அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி) இசிஇ (மின்னணு, தொடர்பியல் பொறியியல்), அடுத்து சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில் இசிஇ, மூன்றாவது பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நம்ம மார்க்குக்கு ஜிசிடி எங்கே கிடைக்கப் போகுது" என்று பக்கத்து ஊரை முதலில் போட்டால், அவள் முறை வரும்போது ஜிசிடியில் ஒரு இடம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் வரியிலேயே இடம் கிடைத்துவிட்டது, அதோடு சரி.

எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். ஐம்பது, நூறு போடுங்கள். இருபதோடு நிறுத்திய ஒரு பையனுக்கு முதல் சுற்றில் எதுவுமே வரவில்லை, ரேங்க்கில் அவனுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அவன் எழுதாத கல்லூரிகளில் இடம் கிடைத்தது. அதே நேரம், கிடைத்தாலும் போக மாட்டேன் என்கிற கல்லூரியை ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள்.

ஒரு அப்பா செய்ததைச் சொல்கிறேன். நீள நோட்டில் கோடு போட்டு, கல்லூரிக் குறியீடு, கிளை, போன வருடக் கடைசி ரேங்க், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று நான்கு பத்தி. மகளும் அவரும் தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு பென்சிலில் எழுதுவார்கள், அழிப்பார்கள், வரிசை மாற்றுவார்கள். சாய்ஸ் ஃபில்லிங் திறந்தபோது அவர்களுக்கு ஒரு மணி நேர வேலைதான் இருந்தது. மற்றவர்கள் மூன்று நாளும் திண்டாடினார்கள்.

போன வருட கட்ஆஃபை நம்பலாமா?

மதிப்பெண்ணை நம்பாதீர்கள், ரேங்க்கைப் பாருங்கள். ஒரு வருடம் கணிதத் தாள் எளிதாக வந்து சென்டம் குவிந்தால் 185 வாங்கியவர்கூட வெகு தூரம் பின்னால் போய்விடுவார், தாள் கடினமாக இருந்த வருடம் அதே 185 முன்னால் நிற்கும். போன வருடம் அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க் என்ன, உங்கள் ரேங்க் என்ன என்று ஒப்பிடுங்கள்.

கல்லூரிக் குறியீட்டை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்?

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால். ஒரே அறக்கட்டளை இரண்டு மூன்று கல்லூரி நடத்தும், பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசப்படும். குறியீடு மாறாது: கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1, குரோம்பேட்டை எம்ஐடிக்கு 4. இன்னொன்று, சில கல்லூரிகளில் ஒரே கிளை இரண்டு முறை வரும், ஒன்றின் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருக்கும். அது சுயநிதி வகுப்பு, கட்டணம் அதிகம். தெரிந்து போடுங்கள்.

அலாட்மென்ட் வந்துவிட்டது, ஐந்து பட்டன் காட்டுகிறதே?

பயப்படாதீர்கள், இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு, அதற்கு உங்கள் பதிலைக் கேட்கிறார்கள்.

ஏற்று சேர்கிறேன் என்பது, இது போதும், போய்ச் சேர்ந்துவிடுகிறேன். குறித்த நாட்களுக்குள் அந்தக் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டும்.

ஏற்று மேலே காத்திருக்கிறேன் என்பது, இதைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், என் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது ஏதாவது காலியானால் அதைக் கொடுங்கள். இதற்கும் குறித்த நாட்களுக்குள் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும், பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மேலே ஒன்று கிடைத்தால் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. கீழே மட்டும் போகவே மாட்டீர்கள். முதல் சாய்ஸ் கிடைக்காத பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

மறுத்து மேலே காத்திருக்கிறேன் என்பதில் கையில் இருப்பதை விட்டுவிடுகிறீர்கள், மேலே கிடைக்கவில்லை என்றால் அந்தச் சுற்றில் ஒன்றுமே இல்லை. மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்பதும் அதே மாதிரி ஆபத்தானது, அடுத்த சுற்றில் மிச்சம் உள்ள இடங்கள்தான் இருக்கும். மறுத்து விலகுகிறேன் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

ஒன்றையும் அழுத்தாமல் விட்டால் கிடைத்த இடம் கையை விட்டுப் போய்விடும். அந்த இரண்டு நாளும் ஊருக்குப் போகாதீர்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும்.

ஒரு கல்லூரிக்காரர் வீட்டுக்கே வந்து இலவசமாக சாய்ஸ் போட்டுத் தருகிறேன் என்கிறார்...

வேண்டாம். கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாங்கிக்கொண்டு தங்கள் கல்லூரியை முதல் வரியில் போட்டு லாக் செய்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை அழுததையும் பார்த்திருக்கிறேன், நான்கு வருடப் படிப்பை இன்னொருவர் முடிவு செய்துவிட்டார். உங்களுக்குச் செய்யத் தெரியவில்லை என்றால் சேவை மையத்தில் இலவசமாகவே உதவுகிறார்கள். உங்கள் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள், எந்த நேரமானாலும் நாங்கள் எடுப்போம். "கவுன்சிலிங் சீட் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று சொல்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், ரேங்க் வரிசைக்கு வெளியே அந்த இடத்தைக் கொடுக்க யாராலும் முடியாது.

அதற்குள் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்களே?

அவசரப்படாதீர்கள். முதல் பட்டதாரி சலுகை, 7.5 சதவீதச் சலுகை எதுவும் மேனேஜ்மென்ட் இடத்துக்கு வராது. ஏற்கனவே கட்டிவிட்டீர்கள் என்றால், வகுப்பு தொடங்கும் முன்பே விலகினால் ரூ.1000-க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி. விலகுவதை எழுத்தில் கொடுத்து, தேதியோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்விக் கடன் எப்போது கேட்கலாம்?

ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்ததும். ரூ.4 லட்சம் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை, பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள், கிளையில் வாய்வார்த்தையாக "இல்லை" என்று சொல்லி அனுப்புவது அப்போது குறையும். கல்லூரியிடம் நான்கு வருடத்துக்குமான கட்டண விவரத்தை விடுதி, பஸ், புத்தகம் எல்லாம் சேர்த்து லெட்டர் பேடில் கேட்டு வாங்குங்கள். வங்கிக்கும் அது வேண்டும், பிறகு கூடுதலாகக் கேட்டால் காட்டுவதற்கு உங்களுக்கும் வேண்டும்.

மூன்று சுற்றிலும் கிடைக்கவில்லை என்றால்?

துணைக் கலந்தாய்வு இருக்கிறது. துணைத்தேர்வில் தேறியவர்களும் இடம் கிடைக்காதவர்களும் அதில் கலந்துகொள்ளலாம், தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பாலிடெக்னிக், அரசு கலைக் கல்லூரி வழிகளையும் திறந்தே வைத்திருங்கள். கலைக் கல்லூரியில் ஏற்கனவே சேர்ந்திருந்து பொறியியல் கிடைத்தால் அங்கே கொடுத்த டிசியைத் திரும்ப வாங்க ஓரிரு நாள் ஆகும், அந்த நாளையும் கணக்கில் வையுங்கள்.

சேரும் நாளில் என்ன கொண்டு போக வேண்டும்?

ஒதுக்கீட்டு ஆணை, பத்து, பதினொன்று, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், டிசி, சாதிச் சான்றிதழ், தேவைப்படுகிறவர்களுக்கு வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்கள், ஆதார், போட்டோ. போவதற்கு முந்தின நாளே எல்லாவற்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ் எடுங்கள், போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள், டிசியை மறக்காமல். அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லியிருக்கிறது. எதையாவது வாங்கி வைத்தால் எந்தெந்தச் சான்றிதழ் என்று பட்டியலிட்டு, முத்திரையோடு ரசீது கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள், அந்த ரசீது இல்லாமல் கவுண்ட்டரை விட்டு நகர வேண்டாம்.